கை நனைக்காத சனிக்கிழமை

இல்லை தங்கச்சி, மேலே வைக்க வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கண்டக்டரும் கேட்டுவிட்டுப் போனார். பெட்டியைப் பின்னால் போட்டாயிற்று, இது மட்டும் என்னோடு வரட்டும். விமானத்திலேயே நான் இதைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பெண் வந்து வந்து கேட்டாள், மேலே வைக்கவா, மேலே வைக்கவா என்று. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

உங்களுக்கு இடிக்கிறதா? இடித்தால் சொல்லுங்கள், தள்ளி உட்காருகிறேன். நீங்கள் எதுவரைக்கும்? மதுரையா? நல்லது. நான் திண்டுக்கல்லில் இறங்கவேண்டும். தூங்கிவிட்டால் எழுப்பிவிடுங்கள். எங்கே தூங்குவது. பஸ் ஸ்டாண்டில் அவர் வந்து நிற்பார். என் வீட்டுக்காரர். இறங்கினதும் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஜப்பானிலிருந்து வருகிறேன். ஆமாம், ஜப்பான்தான். என்னைப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஆறாவதோடு நின்றவள் நான். ஒசாக்கா என்று ஒரு ஊர். என் பையன் பூபதி அங்கே ஒரு கம்பெனியில் இருக்கிறான். ஒரே பையன்.

போன தீபாவளிக்கு வந்தபோது சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தான். அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். ஜப்பான்காரப் பெண், சிஹாரு என்று பேர். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து கை கழுவிவிட்டார். இலையில் பாதி அப்படியே கிடந்தது. பையன் எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க வேண்டாம்னா நான் அவளைக் கட்டிக்க மாட்டேம்ப்பா. ஆனா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்" என்றான். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னான் பாருங்கள், அதுதான் எனக்குப் பயம்.

அப்புறம் வீட்டில் பேச்சே இல்லை. அவர் போனை என்னிடம் கொடுப்பார், நான் அவரிடம் கொடுப்பேன், அவன் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பான். கடைசியில் அவனே டிக்கெட் போட்டு அனுப்பினான். ஒரு தடவை வந்து அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் பாருங்கள், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் நான் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று. அவர் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார், பட்டறையைப் பூட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். பூட்டத்தான் முடியும். மாமனார் கருமாதிக்குப் பூட்டவில்லையா? போக மனசில்லை. என்னை அனுப்பினார்.

திருச்சி ஏர்போர்ட் வாசலில் வைத்துச் சொன்னார்: "போய்ப் பாரு. சிரிச்சுப் பேசு, தப்பில்ல. ஆனா கையை மட்டும் நனைச்சிராத. அவங்க வாங்கிக் குடுத்து ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் நாம சம்மதிச்ச மாதிரி. அப்புறம் என்னால வேண்டாம்னு சொல்ல முடியாது."

உங்களுக்குத் தெரியாததா. சம்மதம் என்றால்தானே சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்கிறோம். அதுவரை ஒரு காபிக்குக்கூட யோசிக்கிறோம். எங்கள் வீட்டில் இன்னும் கண்டிப்பு. என் நாத்தனாரைப் பார்க்க வந்தவர்கள் மோர் குடித்துவிட்டுப் போய், பிறகு வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். நாத்தனார் பேரன் எடுத்துவிட்டாள், இன்னும் அந்த மோரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சரி என்று போனேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பூபதி சொன்னான், "நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் நமக்கு ஊரைச் சுத்திக் காட்டறாங்கம்மா. காலையில கோட்டை, மத்தியானம் சாப்பாட்டுத் தெரு, சாயந்தரம் சுமோ. மல்யுத்தம்மா, நம்ம கபடி மாதிரி அவங்களுக்கு அது. டிக்கெட் எல்லாம் அந்தம்மாவே எடுத்துட்டாங்க."

"சாப்பாட்டுத் தெருவா?" என்றேன்.

"இந்த ஊரே சாப்பாட்டுக்குப் பேர் போனதும்மா. தின்னே சொத்தை அழிப்பாங்கன்னு இந்த ஊர்க்காரங்களைக் கேலி பண்ணுவாங்க."

எனக்குப் பகீர் என்றது. நாள் பூராவும் எதையாவது நீட்டிக்கொண்டே இருப்பார்களே, எத்தனை முறை வேண்டாம் என்பது? வாயில் தானாக வந்துவிட்டது. "எனக்கு நாளைக்கு விரதம்" என்றேன். "பெருமாளுக்கு. சனிக்கிழமை. சூரியன் மறையற வரைக்கும் பச்சைத் தண்ணி படாது."

"எப்பலேர்ந்து?"

"நீ இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து."

"எங்கிட்ட சொன்னதே இல்லையேம்மா."

"உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சாமி கும்பிடணுமா?"

ஒரு மாதிரி பார்த்தான். அவனுக்கா தெரியாது அவன் அப்பாவை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் அந்த பாஷையில் ரொம்ப நேரம் பேசினான். என்ன பேசினானோ. நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் கோட்டை வாசலில் அம்மாவும் பெண்ணும் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் இடுப்பு வரைக்கும் குனிந்தார்கள். நான் கும்பிட்டேன். அவர்கள் மறுபடி குனிந்தார்கள். நான் மறுபடி கும்பிட்டேன். பூபதி நடுவில் நின்று கையைப் பிசைந்தான்.

பெண் நல்ல நிறம், ஒல்லி, பல் வரிசை. குறை சொல்ல முடியாது. சொல்லவேண்டும் என்றுதான் பார்த்தேன். அவள் தமிழ் கற்றுக்கொள்கிறாளாம். என் பையன் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறான் தெரியுமா? ஒரே ஒரு வார்த்தை. "சாப்பிடுங்கம்மா." போயும் போயும் அதுதான் கிடைத்தது அவனுக்கு. வணக்கத்துக்கும் அதுதான், படி ஏறும்போதும் அதுதான். பூபதி அவள் காதில் ஏதோ சொன்னான், விரதம் என்று ஞாபகப்படுத்தியிருப்பான். நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மறந்துபோய் மறுபடி, "சாப்பிடுங்கம்மா."

அம்மாக்காரிக்கு என் வயசு இருக்கும். குட்டை முடி. புருஷன் இல்லை. கையில் ஒரு பொட்டலம், துணியில் முடிச்சுப் போட்டது. அதை வைத்துத்தான் எனக்கு முதல் சந்தேகம். பூபதி வாங்கப் போனான், கொடுக்கவில்லை. பெண் வாங்கப் போனாள், கொடுக்கவில்லை. கோட்டையில் அத்தனை தூரம் நடக்கிறோம், அகழி, கல் சுவர், ஆனை ஆனையாகக் கல், எங்கே பார்த்தாலும் பூ. அந்தம்மா ஒரு இடத்திலும் அதைக் கீழே வைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள்.

என்னவாக இருக்கும்? பூபதி முன்னே ஒரு தடவை ஊருக்கு வந்துபோனபோது நான் அவனிடம் ஒரு பட்டுத் துணி கொடுத்துவிட்டிருந்தேன், அங்கே யாருக்காவது கொடுக்கவேண்டி வந்தால் ஆகும் என்று. அதை அவன் இந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறான் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் கட்டி எடுத்து வந்திருக்கிறார்களோ? என் புத்தி அப்படிப் போனது.

எனக்கு அதற்குள் தாகம். என் பையில் பையன் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில் ஒளித்து வைத்திருந்தேன். பையன் வீட்டுத் தண்ணீர் நம் வீட்டுத் தண்ணீர்தானே, அதில் தப்பில்லை. கக்கூஸுக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு இரண்டு மடக்குக் குடித்தேன். வெளியே வந்தால் வாசலிலேயே அந்தம்மா நிற்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் உதட்டில் ஈரம். பார்த்தாளோ என்னவோ. பார்த்திருந்தால்?

மத்தியானம் அந்தச் சாப்பாட்டுத் தெரு. ஐயோ தங்கச்சி, அதை நான் எப்படிச் சொல்வது. ஒரு கடை விட்டு ஒரு கடை இல்லை, ஒட்டி ஒட்டிக் கடை. கடை மேலேயெல்லாம் வண்டி பெரிசுக்கு நண்டு பொம்மை, மீன் பொம்மை, நண்டு காலை ஆட்டுகிறது. ஒரு கடையில் பார்த்தால் குழிப்பணியாரம்! சத்தியமாக. அதே கல், அதே குழி, அதே மாதிரி குச்சியால் குத்தித் திருப்பிப் போடுகிறான். உள்ளே ஏதோ கடல் பூச்சியை வெட்டி வைக்கிறார்களாம். வாசனைக்கு அது தெரியுமா? வெறும் வயிற்றில் அந்த எண்ணெய் வாசனை ஏறினதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"சாப்பிடுங்கம்மா" என்றாள் சிஹாரு. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிள்ளைகள் இரண்டும் ஒரே தட்டில் வாங்கி, ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள். பூபதி கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பி நின்று சாப்பிட்டான். அப்போதுதான் கவனித்தேன். அந்தம்மா வாங்கவில்லை. பெண் ஒன்றைக் குச்சியில் குத்தி அம்மா வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சரி, இது பிடிக்காது போல என்று நினைத்தேன். அடுத்த கடை, ஏதோ மாவில் முக்கிப் பொரித்த குச்சி. வேண்டாம். அடுத்தது இனிப்பு. வேண்டாம். ஒரு கடைக்காரன் சும்மா குடிக்கக் கொடுத்த டீ, வேண்டாம். எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், கோட்டையிலும் அவள் ஒன்றும் வாயில் வைக்கவில்லை.

பூபதியிடம் சொன்னேன், "அவங்களைச் சாப்பிடச் சொல்லுடா. எனக்காகப் பார்க்க வேண்டாம்னு சொல்லு."

அவன் சொன்னான். அந்தம்மா சிரித்துக்கொண்டே கையை மூக்குக்கு நேராக இப்படி இப்படி ஆட்டினாள். வேண்டாம் என்று.

புரிந்துவிட்டது தங்கச்சி. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் கை நனைக்காமல் இருப்பது எதற்காகவோ, அதற்காகத்தான் அவளும். அவர்கள் பக்கமும் வீட்டில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சிரிச்சுப் பேசு, குனிந்து கும்பிடு, சாப்பிட மட்டும் செய்யாதே என்று.

அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என் பையனுக்கு என்ன குறை? சொல்லுங்கள். குடி உண்டா? பீடி உண்டா? பாலிடெக்னிக்கில் முதல் மார்க். லேத்தில் நிறுத்தினால் அப்பனையே மிஞ்சுவான். நிறம் கொஞ்சம் கம்மி, அது அவன் அப்பா வழி. நாங்கள் வேண்டாம் என்று சொல்வது வேறு. எங்களுக்குக் காரணம் இருக்கிறது. இவர்கள் எப்படி வேண்டாம் என்று சொல்லலாம்? அதுவும் என்னை வைத்துக்கொண்டே, என் கண் முன்னாலேயே?

சரியாக அந்த நேரத்தில் அவர் போன். "தண்ணி குடிக்கலையே?"

"இல்லைங்க."

"அவங்க பக்கம் என்ன சொல்றாங்க? ரொம்ப வற்புறுத்துவாங்க, பாத்துக்க."

அவங்களும் சாப்பிடலைங்க என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சொன்னால் அவருக்குச் சந்தோஷம்தான், வேலை சுலபமாகிவிடும். ஆனால் நம்ம பையனை அவங்க வேண்டாங்கறாங்க என்று நான் என் வாயால் சொல்வதா? "ஆமாங்க, ரொம்ப வற்புறுத்தறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

மணப்பாறை வந்துவிட்டதா? முறுக்கா, எனக்கா? கொடுங்கள். உங்களிடம் வாங்கித் தின்றால் ஒன்றும் ஆகாது. நன்றாக இருக்கிறது. முன்னே மாதிரி இல்லை, இருந்தாலும் நன்றாக இருக்கிறது.

எங்கே விட்டேன்? ஆங், மல்யுத்தம். பெரிய மண்டபம். நடுவில் மண் மேடை, மேலே கோயில் மாதிரி ஒரு கூரை தொங்குகிறது. அந்த மேடையில் பொம்பளைகள் கால் வைக்கக் கூடாதாம். எங்கே போனாலும் இது ஒன்று. நாற்காலி கிடையாது. இரும்புக் குழாய் போட்டுச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு கட்டத்துக்கு நாலு மெத்தை, நாலு பேர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சம்மணம் போடவேண்டும். எவ்வளவு இடம் என்கிறீர்கள்? நம் வீட்டுக் கட்டிலில் பாதி. என் முட்டியும் அந்தம்மா முட்டியும் இடிக்கிறது. எழுந்து போகவும் முடியாது, முகத்தைத் திருப்பவும் முடியாது. மடியில் அந்தப் பொட்டலம்.

சுற்றிலும் சாப்பாடு. அங்கே ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் சாப்பிட்டுக்கொண்டேதான் பார்க்கிறார்கள். முன் கட்டத்தில் கோழி, பின் கட்டத்தில் அவித்த பயறு, ஓரத்தில் ஒரு கிழவர் மடக் மடக்கென்று பீர். எங்கள் கட்டத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. இழவு வீடு மாதிரி. பிள்ளைகள்கூட அதற்குமேல் ஒன்றும் வாங்கவில்லை. சிஹாரு என் முகத்தையும் அவள் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். சாப்பிடுங்கம்மா என்று சொல்லவில்லை.

ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தனும் நெல் மூட்டை மாதிரி, கோவணத்தோடு. முதலில் எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்புறம் முகத்தைப் பார்த்தால் எல்லாம் சின்னப் பையன்கள், கன்னம் உப்பி. ஒருத்தன் கை நிறைய உப்பை அள்ளி வீசினான். நல்ல உப்பு. பெற்றவள் பார்த்தால் சண்டைக்கு வருவாள்.

உப்பைப் போட்டார்கள், குந்தினார்கள், முறைத்தார்கள். எழுந்து போய்விட்டார்கள். மறுபடி உப்பு, மறுபடி குந்தினார்கள், முறைத்தார்கள், எழுந்து போய்விட்டார்கள்.

"என்னடா இது, சண்டை போடுவாங்களா மாட்டாங்களா?"

"ரெண்டு பேரும் ரெண்டு கையையும் மண்ணுல வைக்கணும்மா. அப்பத்தான் ஆட்டம். யாரும் ஆரம்பின்னு சொல்ல மாட்டாங்க. ஒருத்தன் வெச்சிட்டு இன்னொருத்தன் வைக்கலைன்னா ஆட்டம் இல்ல."

"முதல்ல வெச்சவன் கதி?"

"காத்துக்கிட்டு இருக்கணும்."

அதற்குப் பிறகு நான் ஆட்டத்தையே பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். ஒருத்தன் கையை வைப்பான். எதிரில் இருப்பவன் ஒரு கையை வைத்துவிட்டு இன்னொரு கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டே இருப்பான். மண்டபமே மூச்சு விடாது. வைத்துத் தொலையேண்டா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிடும். வைத்தானோ, டமார், ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது.

அந்தம்மா அடிக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எப்போது முடியும், எப்போது கிளம்பலாம் என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. எனக்குப் பசியில் காது அடைத்தது, கோபத்தில் நெஞ்சு அடைத்தது. பையன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கேளுடா அவங்ககிட்ட. எம்புள்ளைகிட்ட என்ன குறை கண்டாங்கன்னு கேளு."

"அம்மா, மெதுவா. என்னம்மா ஆச்சு?"

"கேளுங்கறேன்ல. அவங்களுக்குப் புடிக்கலைன்னா நேராச் சொல்லட்டும். இப்படி நாள் பூரா பட்டினி கிடந்து காட்ட வேண்டாம். உங்கப்பா காதுக்குப் போச்சுன்னா..."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அந்தம்மா கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு அவனிடம் என்னவோ கேட்டாள். அவன் தலையாட்டினான். உடனே அவள் மடியிலிருந்த பொட்டலத்தை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

பட்டுத் துணி இல்லை. கறுப்பு டப்பா. மூடியைத் திறந்தாள். உள்ளே சோறு. வெறும் சோற்று உருண்டை, மேலே எள்ளு. ஒரு ஓரத்தில் நாலு வெள்ளரித் துண்டு. மீன் இல்லை, முட்டை இல்லை, ஒன்றும் இல்லை. டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் தன் முட்டி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேடையில் அன்றைக்குக் கடைசி ஆட்டம். பெரிய சாம்பியன் வந்திருக்கிறான். சனமெல்லாம் கத்துகிறது.

நான் அந்தச் சோற்றைப் பார்த்தேன். உருண்டையில் விரல் பதிந்திருந்தது தங்கச்சி. நாலு விரல், பக்கத்தில் பக்கத்தில். கையால் பிடித்து உருட்டியிருக்கிறாள். அப்புறம் அந்தக் கையைப் பார்த்தேன். முட்டி மேல் இருந்த கை. விரல் நெடுகச் சின்னச் சின்னக் கறுப்புத் தழும்பு. நகக் கண்ணில் கறுப்பு. எந்தச் சோப்புக்கும் போகாது அது, எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக வீட்டில் அதே மாதிரி ஒரு கைக்குத்தான் நான் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். லேத்துப் பிசிறு சூடாகத் தெறித்தால் அப்படித்தான் தழும்பாகும்.

"அந்தம்மா என்னடா வேலை பாக்கறாங்க?" என்றேன்.

"போல்ட்டு கடையற பட்டறைம்மா. புருஷன் போனப்புறம் அவங்கதான் நடத்தறாங்க. போன்ல சொன்னேனே, நீங்கதான் காதுல வாங்கல."

நான் சாப்பிட்டால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? சரி, அது போகட்டும். நான் சாப்பிட்டு, அவள் சாப்பிடவில்லை என்றால்? நாங்கள் சம்மதம் என்று ஆகிவிடும், அவர்கள் இல்லை என்று ஆகிவிடும். என் பையன் மானம் போய்விடும். அந்த மோர்க் கதை மாதிரி இந்தச் சோற்றுக் கதையைத் தலைமுறைக்கும் பேசுவார்கள். சாப்பிடவில்லை என்றால், இந்தப் பையன் அந்த மொட்டை ரூமில் தனியாக, வேற யாரையும் கட்டிக்க மாட்டேன் என்று, தலை நரைக்கிற வரைக்கும். அவன் சொன்னால் செய்வான். அப்பனுக்குப் பிறந்தவன்தானே.

பூபதி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை வைத்தேன். ஒரு உருண்டையை எடுத்தேன். வாயில் போட்டேன்.

உப்பு சரியாக இருந்தது.

அந்தம்மா அசையவில்லை. கை முட்டி மேலேயே இருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெல்கிறேன். விழுங்க முடியவில்லை. சுற்றிலும் திடீரென்று ஒரே கூச்சல், அந்தச் சாம்பியன் தோற்றுவிட்டானாம், சனங்கள் உட்கார்ந்திருந்த மெத்தையையெல்லாம் தூக்கி மேடையைப் பார்த்து வீசுகிறார்கள், தலைக்கு மேல் மெத்தை பறக்கிறது. எங்கள் கட்டத்தில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படித் தோற்றான் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியாது.

நான் விழுங்கினேன். அப்புறம்தான் அவள் இரண்டு கையையும் கூப்பி, ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு உருண்டையை எடுத்தாள். எடுத்தவள் சாப்பிட்டாள் பாருங்கள்! காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி. ஒன்று முடிந்து இன்னொன்று. வாயை மூடக்கூட இல்லை. தாடையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. நான் கையை நீட்டி எடுத்துவிட்டேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன் போலிருக்கிறது, பூபதி அப்படித்தான் சொல்கிறான்.

ரயிலில் வரும்போது அவன் சொன்னான், "நீங்க விரதம்னு சொன்னதுக்காகத்தாம்மா அவங்களும் சாப்பிடல. விருந்தாளி பட்டினி இருக்கும்போது நான் எப்படிச் சாப்பிடறதுன்னாங்க. சூரியன் எப்ப மறையும்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. விடியக்காலையில எந்திரிச்சு செஞ்சதும்மா அது."

அவன் அப்படித்தான் சொல்வான். பையன் அவர்களைத்தானே விட்டுக்கொடுக்க மாட்டான். அதெல்லாம் இல்லை, எனக்குத் தெரியும். அவளும் சொல்லி அனுப்பப்பட்டவள்தான். முதலில் கையை வைத்தது நான். அவளுக்கு வேறு வழி இல்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம்.

இருங்கள், போன் அடிக்கிறது. அவர்தான். "ஆங்... வடமதுரை தாண்டிருச்சுங்க. நல்லா இருக்கான். இளைக்கலீங்க, நல்லாத்தான் இருக்கான்... நேர்ல சொல்றேன். இல்லைங்க, பஸ்ஸுல ஆளு இருக்காங்க. நேர்ல சொல்றேன்."

பார்த்தீர்களா? அதையேதான் கேட்கிறார். நனைச்சியா, நனைச்சியா என்று.

நான் என்ன தப்புப் பண்ணினேன், நீங்களே சொல்லுங்கள். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? அந்தப் பெண்ணுக்குப் பூ வைத்தேனா? பசித்தது, சாப்பிட்டேன். விரதம் இருந்தால் சாயங்காலம் முடிக்கத்தானே வேண்டும்.

இதுவா? திறந்து காட்டுகிறேன், பாருங்கள். ஒன்றும் இல்லை. வெறும் டப்பாதான். அந்தம்மாவுடைய டப்பா. ஸ்டேஷனில் பிரியும்போது அவள் இதைத் துணியில் கட்டினாள். எச்சில் டப்பாவை அப்படியே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு உண்டா? கழுவிக் கொடுக்கிறேன் என்று நான் இழுத்தேன். வேண்டாம் என்று அவள் இழுத்தாள். நான் இழுக்க, அவள் குனிய, அவள் இழுக்க, நான் கும்பிட, அத்தனை சனமும் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். கழுவினேன். ஆனால் பையன் ரூமில் இதில் போட்டுக் கொடுக்க என்ன இருக்கிறது? பிஸ்கட்டும் நூடுல்சும். வெறும் டப்பாவையா கொடுப்பது? அதுதான் கொண்டுவந்துவிட்டேன்.

அதிரசம்தான் சரி. அதிரசம் கெடாது. நல்ல பாகு வெல்லமாகக் கிடைத்தால் ஒரு மாசம் தாங்கும், இல்லையா? தபாலில் அனுப்பினால் நொறுங்கிவிடும். யாரிடமாவது கொடுத்து அனுப்பினால் மரியாதை இல்லை. அவர்தான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். ஆண்பிள்ளை போய்க் கொடுத்தால்தானே மதிப்பு. பட்டறை வைத்திருக்கிற பொம்பளையிடம் பேச அவருக்கும் ஏதாவது இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிவிட்டது. அதோ, அந்தப் பழக்கடைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். முகத்தைப் பாருங்கள், இப்போதே கேட்கிறார்.

கொஞ்சம் வழி விடுங்கள் தங்கச்சி. இல்லை, டப்பா என்னிடமே இருக்கட்டும். இறங்கினதும் அவர் கேட்கிறதற்கு முன்னால் நான் சொல்லிவிடப் போகிறேன். வீட்டுக்குப் போகிற வழியில் வெல்லக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லி.